படம் புடிச்சாச்சுங்களா?

எந்த ஆபீஸுக்கு வேண்டுமானாலும் போய், "பேக்கப் இருக்கா ஸார்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓ... இருக்கே!" என்றுதான் பதில் வரும். அந்த 'ஓ'வின் கம்பீரத்தில் அசந்துவிடாமல், "எங்கே?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். மானேஜர், அக்கவுண்டண்டைப் பார்ப்பார். அக்கவுண்டண்ட், டேட்டா என்ட்ரி பையனைப் பார்ப்பார். பையன் மேஜை டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்ட், எழுதாத பேனா, பாதி தின்ற ஊட்டி வர்க்கி இவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டுவான். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சம்பளத்தைக் கேட்கிற மாதிரி அது.

நான் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் சில மண்டிகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். (எழுத்தில் வருவது டீக்கு. கணக்கில் வருவது வாடகைக்கு.)

எங்கள் ஊரை வெளியூர்க்காரர்களுக்கு மலை ரயிலுக்காகத்தான் தெரியும். நீலகிரி எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குவார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டே ஊட்டி ரயிலில் ஏறுவார்கள். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் கடகடக்க, 'ஆஹா' என்பார்கள். ஊருக்குச் சோறு போடுவது ரயில் இல்லை, கிழங்கு. மலையிலிருந்து உருளையும் காரட்டும் பூண்டும் லாரி லாரியாக இறங்கும். மண்டியில் தரம் பிரித்து, ஏலம் போட்டு, மறுபடி லாரியில் ஏறும். அதற்கு முன்னாலேயே விதைக்கும் உரத்துக்கும் விவசாயிக்கு மண்டி முன்பணம் கொடுத்திருக்கும். கிழங்கு வந்ததும் கழித்துக்கொள்ளும், அல்லது அவரே ரொக்கமாகக் கொண்டுவந்து கட்டுவார். பத்திரம், ஸ்டாம்பு எதுவும் கிடையாது. பேரேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். முன்பு அந்தப் பேரேடு சிவப்பு அட்டையில் இருந்தது. இப்போது கம்ப்யூட்டரில், டாலியில் இருக்கிறது.

அந்த ஒரு வரியைப் பத்திரமாக வைக்கத்தான் பேக்கப். ஆனால் பேக்கப்புக்கு ஒரு வியாதி உண்டு. விசுவாசம்! பகலில் நீங்கள் ஒரு தப்புச் செய்தால், ராத்திரி அதையும் அப்படியே காப்பி அடித்துக்கொள்ளும். நேற்றைய சரியான கணக்கின் தலைமேல் இன்றைய தப்புக் கணக்கு ஜம்மென்று உட்கார்ந்துவிடும். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன், அவன் ரோல் நம்பரையும் சேர்த்து எழுதின கதைதான்.

"அப்படியானால் ஒவ்வொரு நாளும் தனித்தனிக் காப்பி எடுத்தால் என்ன?" என்பீர்கள். நானும் அதைத்தான் என் மச்சினனிடம் கேட்டேன். அவன் கோவை சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் ஸிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றச் சொன்னால் யூட்யூப் பார்ப்பான். ஆனால் கம்ப்யூட்டர் என்றால் கண் தெரியாமலே பூட்டிக் கழட்டுவான்.

"மாமா, மண்டி ஃபோல்டர் எவ்வளவு பெருசு?"

"டாலி, ஸ்கேன் பண்ணின பில்லு, எடை சீட்டு எல்லாம் சேத்து 40 ஜி.பி."

"60 நாளைக்கு எடுத்தா?"

காமர்ஸ்காரனிடம் கணக்குக் கேட்டால் சும்மா இருப்பானா? 2,400 ஜி.பி. மண்டியில் கிடந்த பழைய பெட்டியில் இருந்ததோ 2 டெராபைட் டிஸ்க்.

"ஒரு நாளைக்கு அதுல எவ்வளவு மாறும்?"

"கூடிப்போனா 100 எம்.பி."

"அப்ப அந்த 100 எம்.பி.க்காக எதுக்குங்க மாமா தினமும் 40 ஜி.பி.யைத் தூக்கிச் சுமக்கணும்? காப்பி எடுக்காதீங்க. படம் புடிங்க."

அவன் சொன்ன 'படம்'தான் ஸ்நாப்ஷாட். பேர்தான் ஸ்டூடியோக்காரர் மாதிரி இருக்கிறதே தவிர, உள்ளே நடப்பது சுத்தமான கணக்கப்பிள்ளை வேலை.

ஒரு பெரிய நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் அட்டவணை: யார் கணக்கு எந்தப் பக்கத்தில் என்று. இப்போது 12ஆம் பக்கத்தில் ஒரு மாற்றம். ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. காலியாக இருக்கிற 87ஆம் பக்கத்தில் புதிதாக எழுதி, அட்டவணையில் '12' என்பதை '87' என்று மாற்றிவிட வேண்டும். சாதாரணமாக, பழைய 12ஆம் பக்கம் வேண்டாத பக்கமாகி, பிறகு வேறு எதற்காவது பயன்படும். ஸ்நாப்ஷாட் என்பது, குறிப்பிட்ட ஒரு நொடியில் அந்த அட்டவணையை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, 'இதில் குறித்திருக்கும் பக்கங்களை யாரும் தொடக்கூடாது' என்று உத்தரவு போடுவது. 12ஆம் பக்கம் அப்படியே கிடக்கும். இன்றைய அட்டவணையைப் புரட்டினால் இன்றைய கணக்கு. ஜெராக்ஸைப் புரட்டினால் அன்றைய கணக்கு. அட்டவணையை ஜெராக்ஸ் எடுக்க எத்தனை நேரம் ஆகும்? கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இடம்? எடுக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பின்னால் மாறுகிற பக்கங்களுக்கு மட்டும்தான். எங்கள் மண்டிக்கு 60 நாளைக்குச் சுமார் 6 ஜி.பி. அதிகம். தீர்ந்தது விஷயம்.

அழிக்காதே, எதிர்ப்பதிவு போடு என்று எனக்குக் காலேஜில் சொல்லிக்கொடுத்ததும் இதுதானே! வியாபாரிகள் காலம் காலமாகச் செய்வதை 1994-ல் டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் என்று மூன்று பேர் தங்கள் நெட்ஆப் கம்பெனியின் டிஸ்க் பெட்டியில் எப்படிச் செய்திருக்கிறோம் என்று ஒரு கட்டுரையாக எழுதினார்கள். அதில் 20 ஸ்நாப்ஷாட் வரை வைத்துக்கொள்ளலாம். பிறகு ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் உருவாக்கி 2005-ல் ஊருக்கெல்லாம் திறந்துவிட்ட இஸட்.எஃப்.எஸ்.ஸில் ஆயிரக்கணக்கில் வைக்கலாம். இலவசம். 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டதும் மண்டி முதலாளி அந்தத் திட்டத்துக்கு உடனே அனுமதி கொடுத்தார்.

பழைய பெட்டியில் இரண்டு டிஸ்க், ஒன்றுக்கொன்று கண்ணாடி மாதிரி. ராத்திரி பதினொன்றரைக்கு, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, இந்தப் பெட்டி மண்டிக் கம்ப்யூட்டரிடம் போய் மாறினதை மட்டும் எடுத்துக்கொள்ளும். உடனே ஒரு படம். எல்லோரும் போன பிறகு என்பது முக்கியம். எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்தால், ஆடிக்கொண்டிருக்கிற குழந்தையைப் படம் எடுத்த மாதிரி மூன்று கையோடு விழும்.

மச்சினன் இன்னொன்றும் சொன்னான். ஆபீஸில் இதைச் செய்யப்போகிறவர்கள் மட்டும் படியுங்கள், மற்றவர்கள் அடுத்த பாராவுக்குப் போகலாம். மாறினதை எடுத்து வருகிற ஆர்ஸிங்க் என்கிற புரோகிராமிடம் 'இன்ப்ளேஸ்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது ஒரு எழுத்து மாறிய ஃபைலைக்கூட முழுசாகப் புதுசு பண்ணி எழுதும். பழைய ஃபைல் முழுசும் ஸ்நாப்ஷாட்டின் கணக்கில் ஏறும். பத்து நாளில் டிஸ்க் நிறைந்து, 'ஸ்நாப்ஷாட் இடம் பிடிக்காதுன்னாங்களே!' என்று நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

இந்த ஸ்நாப்ஷாட் எவ்வளவு பெரிய இடத்தில் மானத்தைக் காப்பாற்றியது தெரியுமா? உலகம் பூராவும் புரோகிராம்காரர்கள் தங்கள் வேலையைப் போட்டு வைக்கிற கிட்லேப் என்கிற கம்பெனியில், 2017 ஜனவரி 31 ராத்திரி, களைத்துப்போன ஒரு எஞ்சினியர் வேறு ஏதோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சர்வரில் அழிக்க வேண்டியதை இன்னொரு சர்வரில் அழித்துவிட்டார். ஒன்றிரண்டு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். சுமார் 300 ஜி.பி.யில் நாலரை ஜி.பி.தான் மிச்சம். போகட்டும், பேக்கப் இருக்கிறதே என்று பார்த்தால், தினசரி பேக்கப் புரோகிராம் வெர்ஷன் பொருந்தாமல் எப்போதோ நின்றுபோயிருந்தது. 'நின்றுவிட்டேன்' என்று அது அனுப்பிய ஈ-மெயில்கள் போய்ச் சேரவேயில்லை. பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி! கடைசியில் கைகொடுத்தது, சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு ஒரு வேலைக்காக யதேச்சையாக எடுத்து வைத்த ஒரு ஸ்நாப்ஷாட். ஆறு மணி நேர வேலை போனது போனதுதான். அது இல்லாவிட்டால் இன்னும் நிறையப் போயிருக்கும். அந்தக் கம்பெனி எதையும் மறைக்கவில்லை. மீட்கிற வேலையை ஊரே பார்க்க நேரடியாக ஒளிபரப்பியது. நம் ஊரில் என்றால் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று போர்டு மாட்டியிருப்பார்கள்.

சரி, மண்டிக்கு வருவோம்.

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். மப்ளர், ஸ்வெட்டர், காலில் செம்மண். கோடை மழைக்கு நடவு ஆரம்பிக்க வேண்டும், விதைக் கிழங்குக்கு முன்பணம் வேண்டும். எப்போதும் கேட்பதுதான், எப்போதும் கொடுப்பதுதான். அன்றைக்குக் கம்ப்யூட்டர் குறுக்கே வந்தது. பழைய பாக்கி 18,500 ரூபாய் நிற்கிறது என்றது.

"அத கட்டிட்டேனுங்களே! காரமடைத் தேருக்கு மறுநாள் வந்து எண்ணிக் குடுத்தேன். கணக்குப்பிள்ளை ஐயாதான் வாங்கினார்."

"ரசீது வெச்சிருக்கீங்களா?"

"சட்டைப் பையில இருந்துச்சுங்க. சட்டையோட தொவச்சுப் போட்டாங்க."

முதலாளி நல்ல மனுஷர். ஆனாலும் கம்ப்யூட்டருக்குக் கட்டுப்பட்டவர். "கம்ப்யூட்டரு பாக்கின்னு சொல்லுதுங்களே. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க" என்றார், மெதுவாகத்தான். பெரியவர் முகம் சுருங்கியது. 'அப்ப எனக்குத் தெரியுமா?' என்று அவர் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

ரசீது புஸ்தகத்தின் அடிக்கட்டையை எடுத்தோம். தேருக்கு மறுநாள் 18,500-க்கு ஒரு ரசீது இருந்தது. இவர் பெயர்தான், இவர் இனிஷியல்தான். ஆனால் ஊர் எழுதவில்லை. இதே பெயர், இதே இனிஷியலில் குன்னூர்ப் பக்கத்தில் இன்னொருவரும் எங்கள் பேரேட்டில் உண்டு. அவருக்கும் பாக்கி இருந்தது. டாலியில் அந்தப் பணம் குன்னூர்க்காரர் கணக்கில் வரவாகியிருந்தது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இப்போது உடம்பு சிலிர்த்திருக்க வேண்டும். பணம் வந்திருக்கிறது, கல்லா சரி. ஒருவருக்குப் பதில் இன்னொருவருக்கு வரவு, அவ்வளவுதான். டிரையல் பேலன்ஸ் அட்சரம் பிசகாமல் டாலி ஆகும். ஆடிட்டர் வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டார். தப்புகளிலேயே நாகரிகமான தப்பு இதுதான், சத்தமே போடாது.

பணம் வாங்கிய கணக்குப்பிள்ளை எழுபது வயதில் ஓய்வு வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன் போட்டோம். ஒரு நாளைக்கு எண்பது ரசீது எழுதின மனுஷருக்கு எது ஞாபகம் இருக்கும்? "தேர்க் கூட்டமுங்க, ஒண்ணுமே தெரியல" என்றார்.

டிராயர் பென் டிரைவில் என்ன இருக்கும்? நேற்றைய காப்பி. நேற்றைய காப்பியிலும் குன்னூர்தான். விசுவாசம்!

நான் மூலையில் இருந்த பழைய பெட்டியிடம் போனேன். முழுசையும் அந்தத் தேதிக்குத் திருப்பி வைக்கிற 'ரோல்பேக்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைத் தொட்டால் அதற்கப்புறம் எடுத்த படங்கள் எல்லாம் போய்விடும். அது வேண்டாம். ஒவ்வொரு ராத்திரிப் படமும் தேதி போட்ட ஒரு ஃபோல்டராக உள்ளே ஒளிந்திருக்கும். படிக்கலாம், திருத்த முடியாது. தேருக்கு மறுநாள் ராத்திரியின் ஃபோல்டரை என் லாப்டாப்பில் காப்பி செய்து, டாலியில் தனிக் கம்பெனியாகத் திறந்தேன். முதலாளி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பெரியவர் எழுந்து வரவில்லை. பெஞ்சிலேயே, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைய ராத்திரி, அந்த 18,500 கோத்தகிரி கணக்கில் இருந்தது.

எப்போது மாறியது? இடையில் 23 ராத்திரி. இருபத்து மூன்றையும் திறக்க வேண்டியதில்லை. நடுவில் 12ஆவதைத் திறந்தேன், குன்னூர். 6 - கோத்தகிரி. 9 - கோத்தகிரி. 10 - குன்னூர். ஆக, பத்தாவது நாள் பகலில்தான் யாரோ வரவை ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். யார் என்று ஸ்நாப்ஷாட் சொல்லாது. இரண்டு ராத்திரிக்கு நடுவில் நடந்ததை அது பார்த்ததில்லை.

சொன்னது கணக்குப்பிள்ளைக்குப் பதிலாக வந்திருந்த புதுப் பையன். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றவன், "நாந்தானுங்க மாத்தினேன்" என்றான். அன்றைக்குக் குன்னூர்க்காரர் போன் பண்ணி, 'பாக்கியைக் கட்டிவிட்டேனே, ஏறிவிட்டதா பார்' என்றிருக்கிறார். (அவர் சொன்னது வேறு ஒரு தொகையை, பேங்க் வழியாகக் கட்டியதை.) பையன் அடிக்கட்டையைப் பார்த்தான், அவர் பெயர் இருந்தது, டாலியில் வேறு ஊர் இருந்தது, 'பழையவர் தப்பாப் போட்டுட்டார்' என்று திருத்திவிட்டான். திருத்தின பதிவில் தடயம் எதுவும் இல்லை.

முதலாளி பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "தப்பு எங்களதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். டீ வந்தது. பெரியவர் டம்ளரை வாங்கிக் கொஞ்ச நேரம் குடிக்காமல் வைத்திருந்தார்.

"காசு கெடக்குதுங்க. இன்னொரு வாட்டி கூடக் கட்டிருப்பேன். நாப்பது வருசமா வந்துட்டுப் போற எடத்துல பொய்யன்னு ஆயிருச்சேன்னு..." என்றவர், மூலையில் இருந்த பெட்டியைக் காட்டி, "நான் பணம் குடுத்தப்ப அது பாத்துட்டிருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

அன்று ராத்திரி பார்த்தது என்றேன்.

முன்பணம் வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் கோத்தகிரி போனார். பையனின் வேலை போகவில்லை. அடிக்கட்டையில் ஊர் எழுத வேண்டும் என்று ஒரு சட்டம் மட்டும் வந்தது.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் உபயோகிக்கிற கணக்கு ஸாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தத்தையும் யாரும் அணைக்க முடியாதபடி பதிவு செய்யும் 'ஆடிட் டிரெயில்' இருக்க வேண்டும். 2022-ல் கொண்டுவந்த திருத்தப்படி, கணக்கின் பேக்கப்பையும் தினமும் இந்தியாவுக்குள் இருக்கிற சர்வரில் எடுக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் கம்பெனிகளுக்கு மட்டும். எங்கள் மண்டி பார்ட்னர்ஷிப். இந்த மாதிரிச் சின்ன இடங்களில்தான் கோத்தகிரிப் பெரியவர்கள் ரசீதைத் துவைத்துவிடுகிறார்கள்.

ஊரில் கொஞ்ச நாள் அந்தப் பெட்டியின் புகழ் ஓங்கியிருந்தது. பக்கத்து மண்டிக்காரர், "நம்ம கம்ப்யூட்டர்லயே அந்தப் படத்தை எடுக்கலாமில்லீங்க, எதுக்குத் தனிப் பெட்டி?" என்று வந்தார். எடுக்கலாம். ஆனால் டிஸ்க் செத்தால் அட்டவணையும் போகும், ஜெராக்ஸும் போகும், பக்கங்களும் போகும். எல்லாம் ஒரே நோட்டு. அதற்கு மேல் திருடன் வேறு. 2017 மே மாதம் உலகத்தை ஆட்டிய வான்னாக்ரை என்கிற வைரஸ், ஃபைல்களைப் பூட்டியதோடு நிற்காமல், விண்டோஸ் அதே கம்ப்யூட்டரில் எடுத்து வைத்திருந்த 'ஷேடோ காப்பி'களையும் அழித்தது. உள்ளூர்த் திருடன் நாய்க்கு முதலில் பிஸ்கட் போடுவானே, அதே புத்தி.

2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் இதே மாதிரி நடந்தது. ஐந்து சர்வர், சுமார் 1.3 டெராபைட் தகவலைப் பூட்டிவிட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரம், நாட்டின் மிகப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று பேனாவும் பேப்பருமாக வேலை பார்த்தது. கடைசியில் தகவல் திரும்பியது எங்கிருந்து? பாதிக்கப்படாமல் தப்பித்த ஒரு பேக்கப் சர்வரிலிருந்து என்று அரசாங்கம் பார்லிமெண்டில் சொன்னது.

அதனால்தான் மச்சினன் எங்கள் பெட்டியை ஒருவழிப் பாதையாக வைத்திருக்கிறான். பெட்டி போய் மண்டிக் கம்ப்யூட்டரைத் தட்டலாம். மண்டிக் கம்ப்யூட்டருக்குப் பெட்டியின் பாஸ்வேர்டு தெரியாது. மண்டியில் வைரஸ் வந்தாலும், பூட்டின ஃபைல்கள் ஒரு ராத்திரி பெட்டிக்குள் வரும், அவ்வளவுதான். முந்தின ராத்திரிப் படத்தை அதனால் தொட முடியாது.

மாசத்துக்கு ஒரு தடவை நானும் முதலாளியும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேதியைத் தொட்டு, அன்றைய கணக்கைத் திறந்து பார்க்கிறோம், கிட்லேப் கதை தெரிந்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை. முதலாளி ஒரு படி மேலே போய்விட்டார். தினமும் காலையில் என்னைப் பார்த்ததும் கேட்பது விலை நிலவரம் இல்லை. "படம் புடிச்சாச்சுங்களா?"

பெட்டியும் மண்டியும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது மட்டும் மச்சினனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தீப்பிடித்தால்? பில்லூர் அணை நிறைந்து பவானியில் தண்ணீர் கூடினால்? ஆகவே வாரா வாரம் ஸ்நாப்ஷாட்டுகளை ஒரு தனி டிஸ்க்கில் இறக்கி, அன்னூரில் இருக்கிற முதலாளியின் அக்கா வீட்டுக்கு அனுப்புகிறோம். ஸ்டீல் பீரோவில், பேரன் ஜாதகத்துக்கும் பட்டுப்புடவைக்கும் நடுவில் அது இருக்கிறது. பீரோ சாவி அந்த அம்மாவின் இடுப்பில். போன மாசம் டிஸ்க்கை மாற்றப் போன எனக்கே, தம்பிக்குப் போன் போட்டு நான் யார் என்று விசாரித்த பிறகுதான் பீரோவைத் திறந்தார்.